சுவரில் ஐந்து கோடு

மரக்காணத்தில் அவரிடம் யாரும் மணி கேட்கமாட்டார்கள். கேட்டால் "எந்தக் கடிகாரத்துல?" என்று திருப்பிக் கேட்பார் என்பது டீக்கடைப் பேச்சு. ஒருநாள் நான் கேட்டுப் பார்த்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. என் இடது கையை எட்டிப் பார்த்துவிட்டு, "கையில கட்டியிருக்கியே, அப்புறம் என்னாத்துக்கு என்னைக் கேக்கற? எதை ஒத்துப் பாக்கற?" என்றார். டீக்கடைப் பேச்சைவிட இது மோசமாக இருந்தது.

உப்பளத்தில் டீசல் என்ஜின் ஓட்டுபவர். ஆழ்குழாயிலிருந்து உவர்நீரை இறைத்து வாய்க்காலில் விடுவது வேலை. புடவைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, காதில் பஞ்சு. என்ஜின் ஓடும்போது பேச மாட்டார். நின்ற பிறகும் சிறிது நேரம் உரத்த குரலில்தான் பேசுவார். ஊரில் அவருக்கு என்ஜின்காரம்மா என்று பெயர். அவருக்கென்று உப்புப் பாத்தி கிடையாது. அதனால் அவருக்கு மேல் வரிசை, கீழ் வரிசை என்று எந்தப் பாத்தி வரிசையின் மீதும் சாய்வு இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அதை எல்லோரும் நம்பினார்களா என்பது வேறு. இப்போது அவர் அங்கே இல்லை. இடையஞ்சாவடியில் இருக்கும் மகன் வீட்டோடு போய்விட்டார்.

நான் அவரை முதலில் பார்த்தது 2019 டிசம்பரில். நான் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த நாளிதழ் "முடிந்த பத்தாண்டு" என்று ஓர் இணைப்பு போட்டிருந்தது. மழைக்குப் பிந்தைய உப்பளத்தைப் பற்றி எழுதுவதற்காக என்ஜின் ஷெட்டுக்குப் போனபோது, அந்த இணைப்பை மடித்து ஆயில் கேனுக்கு அடியில் வைத்திருந்தார். உருவி எடுத்து நீட்டினார்.

"இது உங்க பேப்பர்ல வந்ததா?"

"ஆமாங்க."

"பத்து வருஷம் முடிஞ்சிடுச்சின்னு போட்டிருக்குது."

"ரெண்டாயிரத்துப் பத்துலேர்ந்து பத்தொம்போது வரைக்கும். எண்ணிப் பாருங்க, பத்து வரும்."

"பத்து வருது. எதுலேர்ந்து பத்துன்னு கேக்கறேன். மொத மொதல்ல ஆரம்பிச்ச வருஷத்துக்கு நம்பர் என்னா? ஒண்ணா, பூஜ்யமா?"

"ஒண்ணு."

"அப்ப மொதப் பத்து எப்ப முடிஞ்சிருக்கும்?"

"பத்தாவது வருஷக் கடைசியில."

"அப்ப இது எப்ப முடியணும்?"

அடுத்த ஆண்டுக் கடைசியில் என்று சொல்லியிருக்க வேண்டும். "எல்லாப் பத்திரிகையும் இப்படித்தான் போடுதுங்க" என்றேன்.

"எல்லாருமா சேந்து ஒரு வருஷத்தத் தின்னுட்டு, எல்லாரும் தின்னோம்ங்கற" என்றார். பிறகு என்ஜினை ஓட்டத் தொடங்கிவிட்டார். பேட்டி முடிந்தது.

இதை அலுவலகத்தில் சொன்னேன். உதவி ஆசிரியர் ஒருவர், "அந்த அம்மாவுக்கு நாற்பது வயசு எப்ப ஆச்சின்னு கேளுய்யா. நாற்பதிலயா, நாற்பத்தொண்ணுலயா? இலக்கம் மாறினா பத்தாண்டு மாறிச்சின்னு அர்த்தம்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அடுத்த முறை போனபோது அதை அப்படியே கேட்டேன். என்ஜின்காரம்மா யோசிக்கவே இல்லை.

"நாப்பது முடிஞ்ச அன்னிக்கா, நாப்பது நடக்க ஆரம்பிச்ச அன்னிக்கா? எங்கம்மா நடக்கற வயசச் சொல்லும். ஸ்கூல்ல முடிஞ்ச வயசப் போட்டாங்க. எனக்கு எப்பவும் ரெண்டு வயசு. எதைக் கேக்கறாங்கன்னு தெரிஞ்சாதான் சொல்லுவேன். கேக்கறவன் எதுக்குக் கேக்கறான்னு தெரியணும்."

கடைசியாகச் சொன்னதுதான் அவர். எண்ணிக்கை எங்கே தொடங்குகிறது என்பதை யார் தீர்மானிக்கிறார்களோ, அவர்கள் எதையோ ஒளிக்கிறார்கள் என்பது அவருடைய முடிவு. என்ஜினுக்குப் பம்ப் மாற்றிய கூனிமேட்டு மெக்கானிக் பாய் ஒருவர், மூன்று வருஷம் காரண்டி என்று சொல்லிவிட்டு அவரிடம் மாட்டிக்கொண்டார். வாங்கின நாளிலிருந்தா, மாட்டின நாளிலிருந்தா, தண்ணீர் வந்த நாளிலிருந்தா? மூன்றுக்கும் இடையில் பதினோரு நாள். "ஏம்மா, பதினோரு நாள்ல நான் என்ன துபாய்க்கா ஓடிடுவேன்?" என்று பாய் கேட்டார். "நீ ஓட மாட்ட. பம்ப் ஓடாது" என்றார் இவர். பாய் சீட்டில் மூன்று தேதிகளையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

சிரிக்க முடியாத சங்கதியும் ஒன்று உண்டு. அவருடைய நாத்தனார் சொன்னது. கணவர் இறந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிவதற்குச் சற்று முன். பொழுது விடியாததால் அதைச் சனிக்கிழமைக் கணக்கில் வைத்தார்கள் பங்காளிகள். அப்படி வைத்தால் பதினாறாம் நாள் ஞாயிறு, எல்லோருக்கும் லீவு. இவர் ஒப்புக்கொள்ளவில்லை. "விடியக்காலைல தண்ணி கேட்டாரு, குடுத்தேன். அந்த நாள நேத்துன்னு சொல்றீங்களே, நேத்து யாரு தண்ணி குடிச்சது?" என்றாராம். காரியம் திங்கட்கிழமை நடந்தது. வந்தவர்கள் பாதிப் பேர். "செத்தவரையும் சந்தேகப்பட்டுது எங்க அண்ணி" என்றார் நாத்தனார். நான் அதைச் சந்தேகம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் வேறு பெயரும் வைக்கத் தெரியவில்லை.

இப்படிப்பட்டவரிடம்தான் சுவரை ஒப்படைத்திருந்தார்கள்.

அந்தப் பகுதியில் இருபத்திரண்டு குடும்பங்கள் சேர்ந்து உப்பு எடுத்தார்கள். பாத்திகள் இரண்டு வரிசை. மேல் வரிசைக்கு வாய்க்கால் தண்ணீர் முதலில் வரும், தரையும் மேடு. கீழ் வரிசை கழிவெளி ஏரியை ஒட்டியது. தண்ணீர் ஏறினால் முதலில் முழுகும், வரப்பு முதலில் உடையும். யாருக்கு எந்தப் பாத்தி என்பதைப் பத்து வருஷத்துக்கு ஒருமுறை தை மாதத்தில் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். பாதியில், மேல் வரிசையும் கீழ் வரிசையும் இடம் மாற்றிக்கொள்ள வேண்டும். பாதி எப்போது வருகிறது என்று சொல்வது சுவர். ஒவ்வொரு வருஷமும் முதல் உப்பு வாரும் நாளில் என்ஜின் ஷெட்டின் உள்சுவரில் என்ஜின்காரம்மா சுண்ணாம்பால் ஒரு கோடு போடுவார். ஐந்து கோடு விழுந்தால் அடுத்த தையில் மாற்றம். புதிய குலுக்கல் முடிந்ததும் பழைய கோடுகளை அழித்துவிடுவார்கள். காகிதம் எதுவும் கிடையாது. காகிதம் இருந்தால் ஒருவர் வீட்டில்தானே இருக்கும், அந்த வீட்டுக்காரரை யார் நம்புவது என்று எனக்கு விளக்கினார்கள்.

கடைசிக் குலுக்கல் 2020 தையில் நடந்தது. பங்குனியில் முதல் உப்பு வார வேண்டும். பங்குனியில் ஊரடங்கு வந்தது.

ஐந்து வருஷம் கழித்து வந்த தையில் எனக்கு போன் வந்தது. பேசியவர் கன்னியம்மா, கீழ் வரிசைக்காரர். கார்த்திகைப் புயலில் அவருடைய பாத்தியில் முழங்கால் அளவுக்குச் சேறு வந்து படிந்திருந்தது. வரப்பே இல்லை. "இந்த வருஷம் எடம் மாத்தலன்னா நாங்க செங்கல் சூளைக்குப் போறோம் சார். மாசி மகம் முடிஞ்சதும் லாரி வருது. போனா குடும்பத்தோடதான் ஏத்துவான். பொண்ணு பத்தாவது படிக்குது, பரீட்சைக்கு முன்னாடியே போயிடணும். வந்து ஒரு வார்த்த எழுதுங்க."

போனேன். காலை ஏழு மணி இருக்கும். ஷெட்டுக்கு முன்னால் இரண்டு வரிசைக்காரர்களும் இரண்டு பக்கமாக நின்றிருந்தார்கள். மேல் வரிசைக்காக ஏழுமலை பேசினார். நல்ல பேச்சுக்காரர், சிரிக்க வைத்துக்கொண்டே தன் பக்கம் இழுத்துக்கொள்வார்.

"வாங்க சார். நீங்களே உள்ள போயி எண்ணுங்க. பத்திரிகைக்காரர் எண்ணினா தப்பு வராது."

எண்ணினேன். ஒரே உயரம், ஒரே இடைவெளி. ஐந்து கோடுகள். வருஷா வருஷம் பழைய கோடுகளின் மேலும் சுண்ணாம்பு தடவுவது வழக்கம். எது பழையது, எது புதியது என்று பார்த்துச் சொல்ல முடியாது.

"அஞ்சு" என்றேன்.

"போன ஆடியில நாலுதான சார் இருந்துச்சி? ஏம்மா என்ஜின்காரம்மா, சுவரு குட்டி போட்டுச்சா?"

மேல் வரிசை சிரித்தது. என்ஜின்காரம்மா ஒரு கவிழ்த்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்து காதுப் பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சு கோடு இருக்குதில்ல? அஞ்சுன்னா மாத்தணும். அதான பேச்சு?" என்றார் கன்னியம்மா.

"கொரோனா வருஷம் நீ உப்பு வார்னியா?" என்றார் ஏழுமலை.

"இல்ல."

"நான் வார்னேனா? யாரும் வாரல. வாராத வருஷத்துக்குக் கோடு ஏது? நமக்கு மொத வருஷம் இருவத்தொண்ணு. அஞ்சாவது கோடு இந்தப் பங்குனியிலதான் விழணும். அடுத்த தையில பேசிக்கலாம், வீட்டுக்குப் போ."

"குலுக்கினது இருபதுல."

"குலுக்கினா? பொண்ணு பாத்த நாள்லேர்ந்தா கல்யாண வருஷம் எண்ணுவ?"

மறுபடியும் சிரிப்பு. நான் கன்னியம்மாவைப் பார்த்தேன். பிறகு என்ஜின்காரம்மாவைப் பார்த்தேன். எனக்கும் சந்தேகம் வந்திருந்தது. கன்னியம்மா தினமும் மதியம் அவருக்குக் குழம்பு கொண்டுவந்து கொடுப்பதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். அடுத்தவர் கணக்கின் முதல் நாளைத் தோண்டித் தோண்டிக் கேட்ட மனுஷி, தன் கையில் இருந்த சுவரை என்ன செய்திருக்கிறார்?

ஏழுமலைக்கு அப்போது ஞாபகம் வந்தது. "சார், டீசல் வெல ஏறுனப்ப இங்க ஒரு படம் எடுத்தீங்களே. இந்த அம்மா சுவரோரமா நின்னுது."

அது 2022 ஆடி மாதம். அன்று படத்துக்கு நிற்கச் சொன்னபோது "எதுக்கு? எங்க போடுவ? எப்ப போடுவ?" என்று கேட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இதற்கிடையில் நான் போன் மாற்றிவிட்டேன். பழைய படங்கள் போய்விட்டன என்று சொன்னால் யாரும் மறுக்க முடியாது. என்ஜின்காரம்மா என்னைப் பார்க்கவே இல்லை. கன்னியம்மா பார்த்துக்கொண்டிருந்தார். படம் புதுப் போனிலும் இருந்தது. எடுத்துக் காட்டினேன்.

படத்தில் இரண்டு கோடுகள்.

2021, 2022. கணக்குச் சரி. அதற்குப் பின் 2023, 2024. நாலுதான் இருக்க வேண்டும்.

போன் கைமாறிக் கன்னியம்மாவிடம் வந்தது. வெகுநேரம் பார்த்தார். "அக்கா தல மறைச்சிருக்கும் சார்" என்றார் மெதுவாக. "தலைக்குப் பின்னால ஒண்ணு இருக்கும்."

"என் தல ஒண்ணையும் மறைக்கல" என்று எழுந்தார் என்ஜின்காரம்மா. "அப்ப ரெண்டு. இப்ப அஞ்சு. நடுவுல வந்தது ரெண்டு. மிச்சம் ஒண்ணு நான் போட்டது. பொங்கலுக்கு மறுநாள் போட்டேன்."

"கேட்டுக்குங்க! அது வாயாலயே சொல்லிடுச்சி!" என்று ஏழுமலை கையைத் தட்டினார். "பொய்க் கோடு!"

"பொய்யான்னு நீதான் சொல்லணும் ஏழுமல. கொரோனா வருஷம் ஆனி மாசம் இந்த என்ஜின் ஓடுச்சா, ஓடலியா?"

ஏழுமலை கையை இறக்கினார்.

"ஓட்டுனது நான். கீழ் வரிசைக்காரங்க தெருவுல யாருக்கோ கொரோனான்னு சவுக்குக் கம்பு கட்டி அடைச்சிருந்தாங்க. ஒரு ஆள் வெளிய வரல. மேல் வரிசைக்கு மட்டும் நாள் தவறாம தண்ணி எறைச்சேன். எதுக்கு எறைச்சேன்? எறா வளக்கவா?"

"பாத்தி வெடிக்காம இருக்க..."

"வார்னீங்க."

"வாரலம்மா."

"அம்பாரம் போட்டு ஓலை மூடுனீங்க."

"ஏய், அது ஒரு உப்பா? ரெண்டே ரெண்டு வாரல்! அதுக்குப் போயி..."

அவர் நிறுத்திக்கொண்டார். முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. கீழ் வரிசையில் யாரோ. பிறகு எல்லோரும். மேல் வரிசையிலும் இரண்டு மூன்று பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். கன்னியம்மா சிரிக்கவில்லை. ஐந்து வருஷமாக அவருக்கு இது தெரியாது.

"கோடு போட சுண்ணாம்பு கரைச்சி வெச்சேன்" என்றார் என்ஜின்காரம்மா. "போடாதன்னு சொன்னது யாரு? ஊரே அடங்கிக் கெடக்குறப்ப நாங்க உப்பு வார்னோம்னு சுவத்துல எழுதி வெக்காத, போலீஸு வந்தா மாட்டிக்குவோம்னு சொன்னது யாரு? ஒரு வாரல்னாலும் மொத உப்பு மொத உப்புதான். கோடு அன்னிக்கே விழுந்திருக்கணும்."

போன் என் கைக்குத் திரும்பியிருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எடுத்தபோதும் அச்சில் வந்தபோதும் கவனிக்காத ஒன்று இப்போது தெரிந்தது. கதவு நிலைக்கும் முதல் கோட்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடம் காலியாகக் கிடந்தது. அடுத்த கோடு அரைச் சாணில் இருந்தது. இப்போது சுவரில் அந்தக் காலி இடத்தின் நடுவில் ஒரு கோடு. 2021இல் முதல் கோடு போட்டபோதே, அதற்கு முந்தைய வருஷத்துக்கான இடத்தை அவர் விட்டுவைத்திருக்கிறார். ஏழுமலையிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லா படம் எடுக்கறீங்க சார்" என்றார்.

மாசி இரண்டாம் வாரம் வரிசை மாறியது. சூளை லாரி வந்து வேறு குடும்பங்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. கன்னியம்மாவின் பெண் பரீட்சை எழுதினாள்.

நான் செய்தி எழுதவில்லை. எழுதியிருந்தால் இரண்டு பத்தி வந்திருக்கும். அதில் என்ஜின்காரம்மா நேர்மையானவராக இருந்திருப்பார். எனக்கு அவ்வளவு தெளிவு இல்லை. ஒருநாள் ஷெட்டில் கேட்டேன்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே. ஏன் அஞ்சு வருஷம்?"

"யாரு கேட்டாங்க?"

"கன்னியம்மாகிட்டயாவது."

"அவகிட்ட சொன்னா அஞ்சு வருஷமும் சண்டை. சுவத்துல போட்டா ஒரு நாள் சண்டை."

"மேல் வரிசைக்காரங்க அந்த வருஷம் உங்களுக்கு ஏதாவது..."

"வேல குடுத்தாங்க. ஊரே வேல இல்லாம இருந்துச்சி, எனக்கு என்ஜின் ஓடுச்சி." அவர் என்னை ஒருமுறை பார்த்தார். "அடுத்து குழம்பு. குழம்புக்காகக் கோடு போட்டேனான்னு கேக்கற."

"நான் கேக்கலீங்க."

"கேட்ட. மனசுல கேட்ட. அவ குழம்புல உப்பே இருக்காது, தெரியுமா? உப்பளத்துல வேல செய்யறவ."

புயல் வராமல் இருந்திருந்தால், கன்னியம்மாவின் பாத்தி நன்றாக இருந்திருந்தால், அந்த ஒரு சாண் இடம் இன்னும் காலியாகவே இருந்திருக்குமா? இடம் விட்டுவைத்தவர் நியாயத்துக்காக விட்டாரா, என்றைக்காவது உதவும் என்று விட்டாரா? மேல் வரிசையோடு சேர்ந்து வாயை மூடிக்கொண்டிருந்தவரும் அவர்தான். படத்தை இப்போதும் எடுத்துப் பார்ப்பதுண்டு. கையைக் கட்டிக்கொண்டு, படம் எடுக்கிறவனை நம்பாத முகத்தோடு நிற்கிறார். பின்னால் அந்த இடம்.

அதற்குப் பிறகு சுவர் அவருடைய தனிப் பொறுப்பில் இல்லை. வரிசைக்கு ஒருவர் உடன் நிற்க, அவர் கோடு போட வேண்டும் என்று பேசி முடித்தார்கள். அந்த வருஷம் எல்லாம் தள்ளிப்போய், முதல் உப்பு சித்திரையில் வாரினார்கள். நானும் போயிருந்தேன். கீழ் வரிசைக்கு ஏழுமலை, தொடை வரை சேற்றோடு. மேல் வரிசைக்குக் கன்னியம்மா. என்ஜின்காரம்மா மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்துச் சுவரருகே கொண்டுபோனார்.

"அக்கா, இரு இரு" என்றார் கன்னியம்மா. "நாங்க மேல வந்தே முழுசா ரெண்டு மாசம் ஆவல. பாதிப் பருவம் பேசியே போச்சி. இதப் போயி எப்படி ஒரு வருஷம்னு போடறது? அடுத்த பங்குனியிலேர்ந்து வெச்சிக்கலாம்க்கா."

"பாருங்க சார், பாருங்க!" என்று ஏழுமலை என் பக்கம் திரும்பினார்.

என்ஜின்காரம்மா கன்னியம்மாவைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். மட்டையிலிருந்து சுண்ணாம்பு அவர் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. சுவர்ப்பக்கம் திரும்பி, ஆறாவது கோட்டை மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பாக இழுத்தார். மட்டையை வாளியில் போட்டுவிட்டு வெளியே வந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"மேல் வரிசைப் பேச்சு அதுக்குள்ள வந்துடுச்சி பாத்தியா" என்றார் என்னிடம். "பொழச்சிக்குவா."